லிசார்ட் தீவும் என்டெவர் கப்பலின் பவளத்திட்டுப் பயணமும்

லிசார்ட் தீவு, ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தின் வடகிழக்குக் கரைக்கு அப்பால், பெருந்தடுப்புப் பவளத்திட்டுப் பகுதியில் அமைந்துள்ள ஒரு சிறிய கருங்கல் தீவு ஆகும். இதன் பரப்பளவு சுமார் 10 சதுர கிலோமீட்டர். பெருநிலக் கரையிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. தீவின் உச்சி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 360 மீட்டர் உயரமுடையது.

1770 ஆகஸ்ட் மாதத்தில் ஆங்கிலேயக் கடற்படை அதிகாரி ஜேம்ஸ் குக், பவளத்திட்டுகளுக்கு நடுவே சிக்கிக்கொண்ட தம் கப்பலுக்கு வழி தேடி இந்த உச்சியில் ஏறினார். அங்கிருந்து கண்ட இடைவெளி வழியாகக் கப்பல் வெளிக்கடலுக்குப் போனது. ஆனால் மூன்றே நாட்களில், எந்தத் திட்டிலிருந்து தப்பினார்களோ அதே திட்டின் வெளிப்புறத்தில் மோதி உடையும் நிலைக்கு வந்தது. பவளக்கடலில் எது ஆபத்து, எது பாதுகாப்பு என்பது மேலோட்டமாகப் பார்த்தால் தெரிவதில்லை. இந்தப் பயணம் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆஸ்திரேலியாவின் வரைபடத்தை அருகில் வைத்துக்கொண்டு படித்தால் பின்வரும் செய்திகள் எளிதில் விளங்கும்.

(குக் தம் நாட்குறிப்பில் ஒரு நாளை நள்ளிரவில் தொடங்காமல் நண்பகலில் தொடங்கினார். அதனால் ஒரே நிகழ்ச்சிக்கு வெவ்வேறு நூல்களில் ஒரு நாள் வேறுபாடு காணப்படலாம்.)

பவளத்திட்டின் அமைப்பு

பெருந்தடுப்புப் பவளத்திட்டு ஒரே சுவர் அன்று. குயின்ஸ்லாந்துக் கரையை ஒட்டி ஏறத்தாழ 2300 கிலோமீட்டர் நீளத்துக்குப் பரவியுள்ள ஆயிரக்கணக்கான திட்டுகளின் தொகுப்பே அது. தெற்கில் இந்தத் திட்டுகள் கரையிலிருந்து வெகு தொலைவில் உள்ளன. வடக்கே போகப் போகக் கரையை நெருங்கி வருகின்றன. அகன்ற வாயும் குறுகிய அடியும் உடைய புனலைப் போன்ற அமைப்பு இது. தெற்கிலிருந்து வரும் மாலுமிக்கு முதலில் எதுவும் தெரியாது. தெரியவரும்போது அவர் வெகுதூரம் உள்ளே வந்திருப்பார்.

பவளம் வளர ஒளி வேண்டும். ஆகவே அது மேல்நோக்கி வளர்ந்து, நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே நின்றுவிடுகிறது. நீர் ஏற்றத்தின்போது முழுவதும் மறைந்திருக்கும். நீர் வற்றும்போது தலைகாட்டும். நம் மீனவர்கள் கடலடிப் பாறைப் பகுதியைப் 'பார்' என்பார்கள். அத்தகைய பார்கள் நூற்றுக்கணக்கில் நெருங்கி நிற்கும் கடலே இது.

உட்புறக் கடலும் வெளிப்புறக் கடலும் முற்றிலும் வேறுபட்டவை. உட்புறம் கண்டத்திட்டின் மேல் உள்ளது. அங்கே ஆழம் பெரும்பாலும் சில பத்து மீட்டர்கள்தான்; நங்கூரம் தரையைத் தொடும். வெளித்திட்டு கண்டத்திட்டின் விளிம்பில் நிற்கிறது. அதற்கு அப்பால் கடலடி செங்குத்தாகச் சரிந்து பெரும் ஆழத்துக்குப் போய்விடுகிறது. இந்த ஒரு வேறுபாடுதான் பின்னர் என்டெவர் கப்பலின் உயிர்ப்பிரச்சினை ஆயிற்று.

கப்பலும் அதன் கருவிகளும்

என்டெவர், இங்கிலாந்தின் விட்பி துறைமுகத்தில் 1764இல் நிலக்கரி ஏற்றுவதற்காகக் கட்டப்பட்ட கப்பல். 1768இல் கடற்படை அதை வாங்கியது. அதே ஆண்டு ஆகஸ்டில் 94 பேருடன் பிளிமத்திலிருந்து புறப்பட்டது. 1769 ஜூன் 3 அன்று தாகித்தித் தீவில் வெள்ளிக்கோள் சூரியனைக் கடப்பதைக் கண்டு பதிவு செய்த பிறகு, நியூசிலாந்து வழியாக ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரைக்கு வந்தது. அழகோ வேகமோ இல்லாத கப்பல் அது. ஆனால் அடிப்பகுதி தட்டையானது. கரையில் ஏற்றி நிறுத்தினால் சாயாமல் உட்காரும். பின்னர் அனைவரையும் காப்பாற்றிய பண்புகளில் இதுவும் ஒன்று.

கடலாழம் அறிய அவர்களிடம் இருந்தது கயிற்றில் கட்டிய ஈயக்குண்டு. கயிற்றில் பாகக் கணக்குக்கு அடையாளம் இட்டிருக்கும். ஒரு பாகம் என்பது 6 அடி, அதாவது சுமார் 1.8 மீட்டர். குண்டின் அடிக்குழியில் விலங்குக் கொழுப்பைப் பூசிவிடுவார்கள். மணலோ சேறோ அதில் ஒட்டிவந்து கடலடியின் தன்மையைச் சொல்லும். இந்தக் கருவிக்கு ஒரு குறை உண்டு. கப்பலுக்குக் கீழே எவ்வளவு ஆழம் என்று அது சொல்லும்; முன்னால் என்ன இருக்கிறது என்று சொல்லாது. மணற்கரையில் ஆழம் படிப்படியாகக் குறையும், எச்சரிக்கை கிடைக்கும். பவளத்திட்டு சுவர்போல எழும், எச்சரிக்கை கிடைக்காது.

ஆகவே இரண்டாவது கருவி கண். பாய்மரத்தின் உச்சியில் ஆள் ஏறி நின்று நீரின் நிறத்தைப் பார்க்க வேண்டும். கருநீலம் ஆழம், பச்சை குறைந்த ஆழம், பழுப்பு திட்டு. சூரியன் உயர்ந்தும் முதுகுக்குப் பின்னும் இருந்தால்தான் இந்த நிறங்கள் பிரிந்து தெரியும். சூரியன் எதிரே இருந்தால் கடல் முழுவதும் ஒரே வெள்ளித்தகடுதான். இரவில் இந்தக் கருவி அறவே பயன்படாது.

திட்டில் மோதியது

1770 ஜூன் 11 இரவு நிலவொளி இருந்தது. குண்டு விட்டவர்கள் 17 பாக ஆழம் கண்டார்கள். மறுமுறை குண்டை வீசுவதற்குள், இரவு 11 மணிக்குச் சற்று முன்பு, கப்பல் திட்டில் மோதி நின்றது. மோதிய நேரம் நீர் ஏற்றம் உச்சத்தில் இருந்த நேரம். அது பெரிய கேடு. நீர் இனி வற்றும். கப்பல் மேலும் அழுத்தமாக உட்காரும்.

பாரம் குறைக்க ஆறு பீரங்கிகள், அடிப்பாரமாக வைத்திருந்த இரும்பு, கல், பீப்பாய்கள் என 40 முதல் 50 டன் வரை கடலில் எறிந்தார்கள். மறுநாள் பகல் ஏற்றம் கப்பலைத் தூக்கப் போதவில்லை. அந்தக் கரையில் ஒரே நாளின் இரண்டு ஏற்றங்களும் சம உயரத்தில் வருவதில்லை. இரவு ஏற்றம் உயர்ந்தது. அன்றிரவு 10 மணிக்குப் பிறகு, ஏறத்தாழ 23 மணி நேரம் சிக்கியிருந்த கப்பல் மிதந்தது. நான்கு இறைப்பான்களில் மூன்றுதான் வேலை செய்தன. அதிகாரிகளும் மாலுமிகளும் வேறுபாடின்றி மாறி மாறி இறைத்தார்கள்.

ஓட்டையை அடைக்க ஜொனாதன் மங்க்ஹவுஸ் என்ற இளம் பயிற்சி அதிகாரி தாம் முன்பு வேறொரு கப்பலில் கண்ட முறையைச் சொன்னார். பாய்த்துணி ஒன்றில் பழங்கயிற்றுப் பஞ்சையும் கம்பளியையும் சாணத்துடன் சேர்த்து ஒட்டி, அதைக் கப்பலின் அடியில் இழுத்துவிட்டார்கள். நீர் உள்ளே பாயும் வேகமே அந்தத் துணியை ஓட்டையில் இழுத்து அடைத்தது. கப்பலைக் கரையேற்றிய பிறகுதான் மற்றொன்றும் தெரிந்தது: துளைத்த பவளப்பாறையின் துண்டு ஒன்று உடைந்து, ஓட்டையிலேயே சிக்கி, அதைப் பாதி அடைத்திருந்தது.

எறியப்பட்ட ஆறு பீரங்கிகளும் 1969இல் கடலடியிலிருந்து மீட்கப்பட்டன.

ஆற்று முகத்தில் ஏழு வாரங்கள்

ஜூன் 17 அன்று கப்பல் இன்றைய குக்டவுன் நகரம் உள்ள ஆற்று முகத்துக்குள் சென்றது. அந்த ஆறு இன்று என்டெவர் ஆறு எனப்படுகிறது. அங்கே ஏழு வாரங்கள் கப்பலைச் செப்பனிட்டார்கள். அது கூகு யிமிதிர் மொழி பேசும் மக்களின் நிலம். 'கங்காரு' என்ற சொல் உலக மொழிகளுக்குச் சென்றது இம்மொழியிலிருந்துதான்.

மாலுமிகள் திட்டுகளில் பிடித்துவந்த கடலாமைகளால் ஒரு பூசல் எழுந்தது. கப்பலுக்கு வந்த உள்ளூர் மக்கள் ஆமைகளில் ஒன்றைக் கேட்டார்கள், மறுக்கப்பட்டது. அவர்கள் கரையில் இருந்த புல்லுக்குத் தீ வைத்தார்கள். குக் துப்பாக்கியால் சுட்டார். ஒருவருக்குக் காயம் பட்டது. அன்றே முதியவர் ஒருவர் முனை உடைந்த ஈட்டியுடன் முன்வந்து பேச, சமாதானம் ஏற்பட்டது. கப்பலில் இருந்தவர்களுக்கு ஆமை உணவு. அந்த மக்களுக்கோ அது தம் கடலிலிருந்து தம்மைக் கேளாமல் எடுக்கப்பட்ட பொருள்.

அருகிலிருந்த குன்றில் ஏறிப் பார்த்தபோது, கடலில் கண்ணுக்கு எட்டிய வரை திட்டுகளே தெரிந்தன.

லிசார்ட் தீவின் உச்சியில்

ஆகஸ்ட் 4 அன்று கப்பல் ஆற்றிலிருந்து புறப்பட்டது. குக்கின் முன்னே இருந்த சிக்கல் இதுதான். அந்தப் பருவத்தில் தென்கிழக்குக் காற்று விடாமல் வீசும். ஆகவே வந்த வழியே திரும்ப முடியாது. உட்புறமாகவே வடக்கே போனால் திட்டுகள் ஒருவேளை கரையோடு சேர்ந்து வழியை அடைத்துவிடலாம். முழு அளவில் உண்டால் மூன்று மாதத்துக்கும் குறைவான உணவே கையிருப்பில் இருந்தது. கப்பலின் அடிப்பகுதியும் முழுமையாகச் சரிசெய்யப்படவில்லை.

ஆகஸ்ட் 11 அன்று குக், தாவரவியலாளர் ஜோசப் பேங்ஸுடன் சிறு படகில் லிசார்ட் தீவுக்குச் சென்றார். உயர்ந்த மலையில் ஏறினார்கள். கிழக்கே சில மைல் தொலைவில் வெளித்திட்டு வெண்ணுரைக் கோடாகத் தெரிந்தது. அலைகள் அங்கே மிக உயரமாக உடைந்தன. அது நல்ல அறிகுறி. அலை அவ்வளவு உயரமாக உடைகிறது என்றால் அதற்கு அப்பால் வேறு திட்டு இல்லை, திறந்த பெருங்கடல்தான். நுரைக் கோட்டில் ஆங்காங்கே இடைவெளிகளும் தெரிந்தன.

மூடுபனி பார்வையை மறைத்தது. அதனால் இரவைத் தீவிலேயே கழித்து, காலையில் மறுபடியும் ஏறினார்கள். காலையிலும் தெளிவில்லை. இதற்கிடையில் படகுடன் அனுப்பப்பட்ட துணை அதிகாரி, திட்டின் அருகே 15 முதல் 28 பாகம் வரை ஆழம் இருப்பதாகவும், காற்று பலமாக இருந்ததால் இடைவெளிக்குள் நுழையவில்லை என்றும் சொன்னார். முழுமையற்ற இந்தச் செய்தியை வைத்துக்கொண்டுதான் முடிவு எடுக்க வேண்டியிருந்தது.

தீவில் தரைவாழ் விலங்குகளில் அவர்கள் கண்டவை பெரிய பல்லி இனங்கள் மட்டுமே. அதனால் 'லிசார்ட்', அதாவது பல்லித் தீவு, என்று குக் பெயரிட்டார். அந்த விலங்கு நம் உடும்பின் இனத்தைச் சேர்ந்தது. ஆகவே தமிழில் 'உடும்புத் தீவு' என்று சொல்வதே பொருத்தம். குடிசைகளின் அடையாளங்களையும் பெரிய சிப்பிக் குவியல்களையும்கூட அவர்கள் கண்டார்கள். மனிதர்கள் இங்கே கடல் கடந்து வருகிறார்கள் என்று குக் உணர்ந்தார். இன்று அந்த மலையுச்சி 'குக் நோக்கிய இடம்' என்ற பொருள்படும் பெயரால் அழைக்கப்படுகிறது.

வெளியே போய் உள்ளே திரும்பியது

அதிகாரிகளுடன் கலந்து பேசிய பிறகு, என்டெவர் இடைவெளி வழியாக வெளிக்கடலுக்குச் சென்றது. அங்கே 150 பாகக் கயிறு விட்டும் தரை தட்டவில்லை. பல வாரங்களுக்குப் பிறகு ஆபத்தற்ற ஆழ்கடல் கிடைத்ததாக எல்லோரும் மகிழ்ந்தார்கள். ஆனால் பேரலைகளில் கப்பல் ஆடியதால் ஒழுக்கு அதிகமாயிற்று. மேலும், ஆஸ்திரேலியாவுக்கும் நியூகினிக்கும் நடுவே நீரிணை உள்ளதா என்று உறுதிசெய்ய குக் விரும்பினார். கரையை விட்டு அதிகம் விலகினால் அது கைநழுவும். ஆகவே மேற்கே திரும்பினார்.

ஆகஸ்ட் 16 விடியற்காலை 4 மணிக்குப் பிறகு அலை உடையும் இரைச்சல் கேட்டது. விடிந்தபோது ஒரு மைலுக்கும் குறைவான தொலைவில் நுரைமலை தெரிந்தது. காற்று முற்றிலும் நின்றுவிட்டது. பேரலைகள் மட்டும் கப்பலைத் திட்டை நோக்கித் தள்ளிக்கொண்டிருந்தன.

இங்கேதான் அந்தச் செங்குத்துச் சரிவின் விளைவு தெரிகிறது. பாய்க்கப்பலிடம் ஆபத்துக்கு இரண்டு விடைகள் உண்டு. காற்று இருந்தால் விலகிப் போகலாம். காற்று இல்லாவிட்டால் நங்கூரம் இட்டு நிற்கலாம். காற்று இல்லை. 120 பாகத்திலும் தரை இல்லை என்பதால் நங்கூரத்துக்கும் வேலை இல்லை. ஜூன் மாதத்தில் உட்புறத் திட்டில் மோதியபோது கடல் ஓரளவு அமைதியாக இருந்தது. ஒரு நாள் முழுவதும் போராட நேரம் கிடைத்தது. இங்கே மோதினால் பெருங்கடலின் அலை கப்பலை உடனே நொறுக்கியிருக்கும். கப்பலில் இருந்த எல்லோரையும் ஏற்றப் படகுகளும் போதா.

படகுகளை இறக்கிக் கப்பலை இழுத்தார்கள். கப்பலின் பின்புறத் துளைகள் வழியாக நீண்ட துடுப்புகளையும் போட்டார்கள். ஆனாலும் திட்டுக்கும் கப்பலுக்கும் இடையே 80 கஜம் தூரமே மிஞ்சியது. அந்த நேரத்திலும் வானியலாளர் சார்ல்ஸ் கிரீனும் உடனிருந்தவர்களும், தீர்க்கரேகையைக் கணக்கிட நிலவுக்கும் சூரியனுக்கும் இடையிலான தொலைவை அளந்துகொண்டிருந்தார்கள்.

சில நிமிடங்கள் மெல்லிய காற்று வீசியது. கப்பல் சற்று விலகியது. திட்டில் ஒரு குறுகிய இடைவெளி தென்பட்டது. அதை நெருங்கியபோது வற்று நீரோட்டம் அதன் வழியே வெளியே பாய்ந்து கப்பலைத் தள்ளிவிட்டது. உள்ளே போக முடியவில்லை. ஆனால் திட்டிலிருந்து சற்று விலகிவிட்டார்கள். பிறகு கால் மைல் அகலமுள்ள மற்றொரு இடைவெளியை ஒரு படகு பார்த்துவந்தது. இதற்குள் நீரோட்டம் திசை மாறியிருந்தது. ஏற்ற நீர் கப்பலை அந்த வாயில் வழியாக வேகமாக உள்ளே கொண்டுபோயிற்று. 19 பாக ஆழத்தில் நங்கூரம் தரையைப் பற்றியது. இறையருளால் கிடைத்த வழி என்ற பொருளில் குக் அதற்குப் பெயரிட்டார்.

சில நாட்களுக்கு முன் வெளியே போனதற்கு மகிழ்ந்தவர்கள், இப்போது உள்ளே வந்ததற்கு மகிழ்ந்தார்கள். இந்த முரண்பாட்டைக் குக்கே தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அதன்பின் படகுகளை முன்னே அனுப்பி, பகலில் மட்டும் ஓட்டி, இரவில் நங்கூரமிட்டு, உட்புறமாகவே வடமுனையை அடைந்தார்கள். ஆகஸ்ட் 22 அன்று முனையருகே ஒரு சிறு தீவில் கொடியேற்றி, அந்தக் கிழக்குக் கரை முழுவதும் பிரிட்டிஷ் அரசருடையது என்று குக் அறிவித்தார். அங்கு வாழ்ந்தவர்களை யாரும் கேட்கவில்லை.

பவளத்திட்டில் ஒருவர்கூட இறக்கவில்லை. ஆனால் பட்டாவியா (இன்றைய ஜகார்த்தா) துறைமுகத்தில் பற்றிய நோய்களால், அங்கும் அதன் பின்னும் ஏறத்தாழ 30 பேர் இறந்தார்கள். ஓட்டையை அடைக்க வழி சொன்ன மங்க்ஹவுஸும், அளவெடுத்த கிரீனும் அவர்களுள் அடங்குவர்.

பின் வந்தவர்கள்

1789இல் வில்லியம் பிளை, கலகம் செய்தவர்களால் சிறு படகில் விடப்பட்ட பிறகு, வெளிக்கடலிலிருந்து இத்திட்டின் இடைவெளி ஒன்றின் வழியாக உள்ளே வந்து, மே மாத இறுதியில் ஒரு தீவில் ஓய்வெடுத்தார். அந்தக் கலகக்காரர்களைப் பிடிக்க அனுப்பப்பட்ட பண்டோரா என்ற போர்க்கப்பல் 1791 ஆகஸ்டில் இதே திட்டின் வடபகுதியில் வழி தேடியபோது மோதி மூழ்கியது. மாலுமிகளில் 31 பேரும் கைதிகளில் 4 பேரும் மாண்டனர். 1802இல் மாத்தியூ பிளிண்டர்ஸ் திட்டுகளினூடே வெளியேறினார். 'பெருந்தடுப்பு' என்ற பெயரை இத்திட்டுகளுக்கு வழங்கியவர் அவரே. 1844இல் ரெய்ன் தீவில், இடைவெளியைக் காட்டும் கல் கோபுரம் ஒன்று கட்டப்பட்டது.

இன்று செயற்கைக்கோள் கருவிகள் இருந்தும், கெய்ன்ஸுக்கு வடக்கே உள்ள உட்புற வழியில் 70 மீட்டருக்கு மேற்பட்ட கப்பல்கள் உள்ளூர் வழிகாட்டி மாலுமி இல்லாமல் செல்லக்கூடாது என்பது 1991 முதல் சட்டம்.

தீவின் பழைய மக்கள்

டிங்கால் மக்கள் இத்தீவை ஜீகுரு என்கிறார்கள். அவர்களது மரபுக் கதையில் இந்தத் தீவுக்கூட்டம் ஒரு திருக்கை மீன். பெரிய தீவு அதன் உடல், மற்றவை வால். 2024இல் வெளியான அகழாய்வு முடிவுகளின்படி, மனிதர்கள் 6000 ஆண்டுகளுக்கு மேலாக இத்தீவுக்கு வந்து வாழ்ந்துள்ளனர். 2000 முதல் 3000 ஆண்டுகள் வரை பழமையான மட்பாண்ட ஓடுகளும் சிப்பி மேட்டில் கிடைத்தன. ஆஸ்திரேலியாவில் காலம் உறுதிசெய்யப்பட்ட மட்பாண்டங்களில் இவையே மிகப் பழையவை. குக் கடந்துபோன சிப்பிக் குவியல்களைப் போன்றவற்றில் இவ்வளவு நீண்ட கடலோடி வரலாறு புதைந்திருந்தது.

அந்த உரிமையை அறியாமல் வந்து குடியேறியவர்களுக்கும் அவர்களுக்கும் 1881இல் மோதல் நேர்ந்தது. கடல் அட்டை பிடிக்கும் தொழிலுக்காகக் கணவருடன் தீவில் தங்கியிருந்த மேரி வாட்சன், கணவர் வெளியே போயிருந்தபோது தாக்குதலுக்கு உள்ளானார். சீனப் பணியாளர் ஒருவர் கொல்லப்பட்டார். மேரி தம் கைக்குழந்தையுடனும் காயமுற்ற மற்றொரு பணியாளர் ஆ சாமுடனும், கடல் அட்டை வேகவைக்கும் இரும்புத் தொட்டியில் ஏறிக் கடலில் மிதந்து தப்பினார். சில நாட்களில் நீரற்ற ஒரு தீவில் மூவரும் தாகத்தால் இறந்தனர். அவர் இறுதி வரை எழுதிய நாட்குறிப்பு கிடைத்தது. இதற்குப் பழிவாங்கலாகக் கரையோரப் பழங்குடி மக்கள் பலர் கொல்லப்பட்டனர். மேரியின் பெயரில் குக்டவுனில் நினைவுச்சின்னம் எழுந்தது. கொல்லப்பட்ட அந்த மக்களின் பெயர்கள் பதிவாகவில்லை.

இன்றைய நிலை

1973இல் ஆஸ்திரேலிய அருங்காட்சியகம் தீவில் ஓர் ஆய்வு நிலையத்தை நிறுவியது. பவளத்திட்டு குறித்த பல ஆய்வுகள் இங்கிருந்து நடக்கின்றன. 1981இல் பெருந்தடுப்புப் பவளத்திட்டு உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 2014, 2015 ஆண்டுகளின் புயல்களும், 2016, 2024 ஆண்டுகளில் கடல்நீர் வெப்பமடைந்ததால் ஏற்பட்ட பவள வெளிறலும் தீவைச் சுற்றியுள்ள பவளங்களைப் பெரிதும் அழித்தன.

குக்கின் காலத்தில் கேள்வி, இந்தத் திட்டிலிருந்து கப்பல் தப்புமா என்பது. இன்று கேள்வி, திட்டு தப்புமா என்பது. வெளித்திட்டு உயிரோடு வளர்ந்து நிற்கும் வரைதான் பெருங்கடலின் அலை அதில் உடைந்து, உட்புறக் கடல் நங்கூரமிடத்தக்க அமைதியான நீராக இருக்கும். 1770 ஆகஸ்ட் 16 அன்று என்டெவரில் இருந்தவர்கள் உயிர் பிழைத்தது அந்த அமைதியான நீருக்குள் வந்து சேர்ந்ததால்தான்.